கட்டம் சார்

தணிக்கைக்காரி வந்ததிலிருந்து கட்டம் சார் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

அந்த மருத்துவமனையில் எந்த வேலை யாரிடம் தொடங்கி, யார் கை மாறி, எங்கே முடிகிறது என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து தருவது அவர் வேலை. பெயர் வந்தது அதனால்தான்.

போன வாரம் ஒரு நோயாளியை அறுவை சிகிச்சை மேஜையில் படுக்கவைத்த பிறகுதான், ரத்தம் வந்து சேரவில்லை என்பது தெரிந்தது. ஆள் எப்படியோ பிழைத்துக்கொண்டார். தப்பு எங்கே என்று கேட்டால், ஆளாளுக்குத் தங்கள் கட்டத்தைக் காட்டிக் கையை விரித்தார்கள்.

அதைத் துருவத்தான் இவளை அனுப்பியிருந்தார்கள்.

முன்பு அந்தக் கட்டங்களெல்லாம் ஒரே படமாக இருந்தனவாம். நடைக்கூடத்துச் சுவர் முழுக்க. பார்த்தாலே தலை சுற்றும், ஆனால் எது எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம் என்றார்கள் நர்சுகள்.

அதைக் கழற்றியது கட்டம் சாரேதான். யாரும் சொல்லாமலே.

இப்போது கணினித் திரையில் நாலைந்து பெட்டிகள் மட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கூட்டல் குறி. அழுத்தினால் உள்ளே இன்னும் நாலைந்து பெட்டிகள்.

ஒவ்வொரு பெட்டியும் பளிச்சென்று புரிந்தது. மொத்தத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

யாரையோ காப்பாற்றுவதற்காகவே கூறுபோட்டதுபோல் இருந்தது.

"ரத்தம் வரலேன்னா ஆபரேஷன் அறைக்கு யார் சார் சொல்லணும்? நல்லா இருந்த படத்தை எதுக்கு இப்படித் துண்டு துண்டாக்குனீங்க?"

அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். மூடினார். அடுத்ததைத் திறந்தார். மறுபடி முதல் பெட்டிக்கே வந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"சின்னச் சின்னதா இருந்தாத்தாம்மா புரியுது."

நன்றாகத்தான் மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

டீ குடிக்க எழுந்தவர் வாசலில் நின்றார். நடைக்கூடத்தில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று நோட்டம் விடுபவரைப்போல. பிறகு யாரோ ஒரு நர்சின் பின்னால் நடந்துபோனார்.

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கணினியைப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. இருந்தும் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பழைய பெரிய படம் எங்கேயாவது பதுங்கியிருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவரைத்தான் இவர் மறைக்கிறார்.

அது கிடைக்கவில்லை. 'சொந்தம்' என்று ஒரு கோப்பு கிடைத்தது.

அதே மாதிரி கட்டங்கள், அதே கூட்டல் குறிகள்.

'மருத்துவமனை வாசல்.' அம்புக்குறி. 'பேருந்து.' அம்புக்குறி. 'மருந்துக்கடையை ஒட்டிய சந்து.' அம்புக்குறி. 'பச்சைக் கதவு.'

கடைசிக் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

ஓஹோ, சங்கதி இப்படிப் போகிறதா. இந்த வயதில். வேலை நேரத்தில் உட்கார்ந்து, அவள் வீட்டுக்கு வழி வேறு வரைந்து வைத்திருக்கிறார் மனுஷன். ரத்த வங்கியில் இருப்பவளாகக்கூட இருக்கலாம். எல்லாம் பொருந்தி வந்தது.

மேலாளருக்குக் காட்டுவதற்காகத் திரையைக் கைபேசியில் படமெடுத்தாள்.

பேருந்தின் கூட்டல் குறியை அழுத்தினாள்.

'ஏறியதும் உட்கார். வெளியே பார்த்துக்கொண்டே இரு. பாலம் தாண்டினால் எழுந்திரு.'

கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பச்சைக் கதவை அழுத்தினாள்.

'சாவி தேடாதே. மணி அடி.'

அவள் விரல் தயங்கியது. பிறகு, அந்தப் பெண்ணின் பெயருக்கு அடியில் அழுத்தினாள்.

'கதவைத் திறப்பவள். சிரிப்பாள். யாரென்று கேட்டுவிடாதே. உன் மனைவி.'