பெடலை அழுத்த ஒரு ஆள்

"கொஞ்சம் வர்றியா? பெடல் அழுத்த ஆள் வேணும்."

சமையலறை வாசலில் நின்றபடி கேட்டான் அவன். கட்டிய மனைவியிடம்தான் கேட்கிறான். ஆனாலும் பழக்கமில்லாத வீட்டில் இரவல் கேட்பது போலக் கூச்சமாக இருந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு, கார் ஷெட்டில் தாங்கிகளின் மேல் நின்றது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணத்துக்கு முன்பே அவள் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு பேருக்குமேல் உட்கார முடியாது. பக்கத்து சீட் இத்தனை காலமும் அவனுடையதாக இருந்தது. இப்போது அதில் அவளுடைய பெட்டி உட்கார்ந்திருந்தது, பெல்ட் வேறு போட்டுக்கொண்டு.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வேலை ஒரு சாக்கு என்பது இருவருக்குமே தெரியும். வண்டி தயாரானதும் கிளம்புவதாகச் சொல்லிவிட்டாள்.

சண்டை போட்ட காலத்தில் வார்த்தைக்கு வார்த்தை 'டா' போட்டவள், சண்டை ஓய்ந்த பிறகு 'வாங்க, போங்க' என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அந்த மரியாதையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. கைதான் வந்தது.

மலைப்பாதைக்கு இந்த ஸ்பிரிங் ஆகாது என்றான். புது ஸ்பிரிங் வந்தது. ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும் என்றான். அதுவும் வந்தது. வண்டி நன்றாகத் தாழ்ந்து, வளைவுகளில் ஆடாமல் சாலையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. அப்படியானால் வேகம் கூடும், பழைய பிரேக் எந்த மூலைக்கு என்றான். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கப் புது காலிப்பர், புது ஹோஸ். இந்த ஆள் பந்தயத்துக்குப் போகப்போகிறான் என்றே கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

மாற்றுவதற்கு இனி காரில் ஒன்றும் பாக்கியில்லை. பிரேக் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி மாட்டியபோது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டால் வேலை தீர்ந்தது. அவள் போய்விடுவாள்.

அந்த வேலைக்குத்தான் இன்னொரு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே ஒரு சின்ன நட்டைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வெளியே வந்ததும் மூட வேண்டும். காற்று இருக்கும்வரை பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். காற்று போய்விட்டால் கல்.

டிப்போவிலிருந்து ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கலாம். வந்தவன் சீட்டில் இருக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் தமுக்கடிப்பான்.

தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவதுதான் முறை. பின்பக்கம் இடது மூலையில் போய்க் குந்தினான். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் அங்கிருந்து தெரியவில்லை.

"அழுத்து... பிடி. பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது காது கொடுத்திருந்தால், புதிதாகக் காதலிக்கிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"விடு" என்றான்.

நட்டில் மாட்டியிருந்த, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியே குமிழிகள் பாட்டிலுக்குள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. இவ்வளவு காற்றா என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். அடுத்த சக்கரத்தில் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்தது. இருவரும் பல மாதங்களாக இவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் பேச்சு பேச்சுதானே.

கடைசிச் சக்கரம் அவள் இருந்த பக்கம், திறந்து கிடந்த கதவுக்கு முன்னால். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

நட்டைத் திறந்தான். ஒன்றிரண்டு குமிழி. மறுபடி திறந்தான். வெறும் எண்ணெய், தெளிவாக.

இன்னும் காற்று இருக்கிறது என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிரேக் விஷயத்தில் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. அதோடு, ரிப்பேர் என்ற பெயரில் ஒருத்தியைக் கட்டிப்போட்டு வைத்தது போதும் என்றும் இருந்தது. நட்டை இறுக்கினான்.

"முடிஞ்சுது. இப்ப கல்லு மாதிரி இருக்கும், மிதிச்சுப் பாரு."

துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. இன்னும் உள்ளதான் போகுது."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயும் ஒழுகவில்லை, குழாயில் பொட்டுக் குமிழி இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படிக் கோட்டை விட்டதே கிடையாது. எழுந்து, கதவைச் சுற்றி எட்டிப் பார்த்தான்.

அவள் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். கால்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு சீட்டுக்கடியில் இழுத்து வைத்திருந்தாள். பெடல் பக்கமே அவை போகவில்லை.

அவன் சத்தம் காட்டாமல் திரும்பி வந்து சக்கரத்தருகே உட்கார்ந்தான்.

"அப்படின்னா இன்னைக்கு முடியாது" என்றான்.