நீல வாளி

கிள்ளான் வீட்டில் தண்ணீர் வீணாவதற்கு அம்மாதான் காரணம் என்று தனேஷ் நினைத்தான். தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயந்து வாளிகளை விளிம்புவரை நிரப்பி மூடிவைப்பார். குழாயை மூட மறந்துவிடுவார். அதைச் சொல்லிக்காட்டியதும் கோபித்துக்கொண்டு கேரி தீவிலுள்ள அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போய் மூன்று வாரமாகியும் தண்ணீர் மீட்டர் ஓடுவது நிற்கவில்லை. ஞாயிறு காலை அவனும் மனைவி ஷாமினியும் எல்லாக் குழாய்களையும் இறுக்க மூடினார்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க டாய்லெட் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கலந்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கவில்லை. வாளிகளைக் கவிழ்த்துவிட்டு, கேட்டருகே மீட்டரைப் போய்ப் பார்த்தார்கள். சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றியது.

"எதையாச்சும் தெறந்து விட்டியா?"

"இல்லங்க. ஒங்க கூடத்தானே நிக்கிறேன்."

சக்கரம் சட்டென்று நின்றது.

உள்ளே ஓடினார்கள். குளியலறைத் தரை காய்ந்திருந்தது. நீல வாளி மட்டும் நிமிர்ந்திருந்தது, மூடி போட்டபடி. ஷாமினி மூடியை எடுத்தாள். விளிம்புவரை தண்ணீர். இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது.

தனேஷ் அக்காவுக்குப் போன் செய்தான். அம்மாதான் எடுத்தார்.

அவன் வாயைத் திறக்குமுன், "இந்தத் தடவ கொழாய மூடிட்டேன்பா," என்றார். "வேணும்னா போய்ப் பாத்துக்க."