ரேடியோ அக்கா வாயைத் திறக்கவில்லை

இரண்டு பேரில் யாரோ ஒருத்தர் புளுகுகிறார். ரேடியோ அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

வாயில் எதுவும் தங்காது என்பதால் குடும்பத்தில் அவளுக்கு அந்தப் பேர். அப்பேர்ப்பட்ட வாயில் இந்த வாரம் இரண்டு ரகசியங்கள் மாட்டிக்கொண்டன.

திங்கள்கிழமை, தையல்கடை வைத்திருக்கும் அவள் தம்பி வந்து சொன்னான்.

"எனக்கு இரைப்பையில கட்டிக்கா. குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லிட்டாங்க. அவகிட்ட சாதாரணப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ மூச்சு விட்டுடாதே."

செவ்வாய்க்கிழமை, தபாலாபீஸ் வேலை முடிந்த கையோடு தம்பி மனைவி வந்தாள்.

"அவருக்குப் பெருங்குடல்ல புற்றுநோயாம் அண்ணி. ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். அவருக்குச் சாதாரணப் புண்ணுன்னுதான் தெரியும். நீங்க காட்டிக்காதீங்க."

இரைப்பையா, குடலா? யாரைக் கேட்டாலும் அடுத்தவர் ரகசியம் உடைந்துவிடும். ஒருவேளை குடலில் இருந்தது இரைப்பை வரைக்கும் பரவிவிட்டதோ? அந்த யோசனையில் அக்காவுக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, நாலு நாளா சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் தம்பியைப் பார்க்கும் டாக்டரிடமே போய் நின்றுவிட்டாள்.

"இதுல எது பொய் டாக்டர்?"

"ரெண்டும் நிஜம்தாம்மா. குடல்ல இருக்கிறது ஒண்ணு, இரைப்பைச் சுவர்ல இருக்கிற கட்டி வேற வகை. சில பேருக்கு இப்படி ரெண்டும் சேர்ந்தே இருக்கும்."

"அப்போ பரவிடுச்சா?"

"இல்ல. இதுலேர்ந்து அது வரலை. பரவியிருந்தாதான் கஷ்டம். ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல எடுத்துடலாம்னு பார்க்கறேன்."

ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதாம், அது நல்ல சேதியாம். அழுவதா சிரிப்பதா என்று அக்காவுக்குப் புரியவில்லை.

"ஆளுக்கொரு ரிப்போர்ட்டை வாங்கி ஒளிச்சு வெச்சா எப்படிம்மா? ரெண்டு பேரையும் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் இருங்க."

சாயங்காலம் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னார். தம்பியும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவருமே அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா சட்டென்று எழுந்துவிட்டாள். "சத்தியமா டாக்டரைத் தவிர நான் யார்கிட்டயும் சொல்லலைடா. என் ஆயுசுலயே இதுதான் முதல் தடவை."

"ஏன்க்கா சொல்லலை?" என்றான் தம்பி.

"என்னடா கேள்வி இது? நீதானே சொல்லாதேன்னே?"

"அவ முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்லக்கா. உன் காதுல போட்டா மறுநாளே அவளுக்குப் போயிடும்னு நிம்மதியா இருந்தேன்."

தம்பி மனைவி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தபடி அக்காவிடம் சொன்னாள்:

"நானும் அதை நம்பித்தான் சொன்னேன். திருந்தறதுக்கு உங்களுக்கு இந்த வாரம்தானா கெடைச்சுது அண்ணி?"