ஒன்பதாம் தேதி லீவு

உள்ளறையில் முதலாளி ஏப்பம் விடுவது கேட்டது. கணக்கர் சம்பளச் சீட்டை மேஜைமேல் நகர்த்தி வைத்தார்.

எதிரே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் செத்துப்போன மெஷின்காரனின் மனைவி. கடைசிச் சம்பளம் வாங்க வந்தவள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒன்பதாம் தேதி, மெஷின் அவனைக் கையோடு சேர்த்து உள்ளே இழுத்தது.

மறுநாள் காலை முதலாளி காது குடைந்துகொண்டே சொன்னார்: "அவன் லீவுல இருந்தான். யாரையோ பாக்கச் சும்மா உள்ள வந்துட்டான். அவ்வளவுதான்."

வேலைக்கு வந்தவன் செத்தால் நஷ்டஈடு. வராதவன் செத்தால் ஒரு மலர்வளையம்.

காதுக்குள்ளிருந்து எடுத்ததை மேஜை விளிம்பில் துடைத்தார்.

வருகைப் பதிவேட்டில் லீவு ஏறியது.

அவள் சம்பளச் சீட்டை விரல் வைத்துப் படித்தாள்.

"எட்டு நாளுன்னு போட்டிருக்கே அண்ணே. ஒன்பதாந்தேதியும் வந்தாரே?"

"அன்னிக்கு லீவும்மா." கணக்கர் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் சண்டை போடவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

"அவரு சாப்பாட்டு டப்பா இங்கதான் இருக்கும். குடுத்துடுங்கண்ணே. அது பாப்பாவோடது. அவரோடது ஒழுகுதுன்னு அன்னிக்கு அதுல கட்டிக் குடுத்தேன்."

கணக்கர் அலமாரியைத் திறந்தார். தூக்கிப் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. ஏனோ கை வராமல், கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

பையைப் பிரித்து டப்பாவை அவளிடம் கொடுத்தார். பக்கத்து மேஜைக்காரர் நாற்றம் தாங்காமல் வெளியே ஓடினார்.

அவள் மூடியைத் திறந்தாள். பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது சோறு. ஓரத்தில்கூடக் கை பட்டிருக்கவில்லை.

"ஒரு வாய்கூடச் சாப்பிடாமப் போயிட்டாரே" என்றாள், சோற்றிடம் சொல்வதைப் போல.

கழுவுவதற்குக் குழாய் எங்கே என்று கேட்டாள்.

கணக்கர் உள்ளறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கழுவாதம்மா. அப்படியே மூடி எடுத்துக்கிட்டு நேரா லேபர் ஆபீஸுக்குப் போ. லீவு போட்ட ஆளு சாப்பாடு கொண்டு வருவானான்னு கேளு."

அவள் கண்கள் உள்ளறைக் கதவுக்குப் போயின. "லீவுன்னு எழுதினது அவராண்ணே?"

"சொன்னதுதான் அவரு. அந்த எழுத்து என்னோடது."

அவள் டப்பாவை இறுக்கி மூடினாள்.

பிறகுதான், கணக்கரைப் பார்த்தபடி, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.