தனம் கடல் பார்த்த காலை

"கெளம்பு தனம், கெளம்பு! சூரியன் இன்னா உனக்கோசரம் கடலுக்குள்ளியே ஒக்காந்துக்கினு இருக்குமா?"

அடுப்பில் பாலை ஏற்றிக்கொண்டே விரட்டினாள் கஸ்தூரி. தனமோ சமையற்கட்டு வாசலில் நின்று, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"நான் போனா நல்லாவா இருக்கும்க்கா? நீங்க ஒண்டியா அடுப்புல வெந்துக்கினு இருக்க, நானு மணல்ல போயி ஒய்யாரமா ஒக்காந்தா..."

"எரநூறு பேருக்கு வடிச்சிக் கொட்டுன கைடி இது. நாலு இட்லி ஊத்துனா தேஞ்சிடுமா?"

மரக்காணம் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் சின்ன ஊர் அது. எஸ்.டி.டி. பூத்கூடக் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நாரை மேயும் கழிவெளி ஏரி. அலைச் சத்தம் போக மிச்சமெல்லாம் அமைதி. ஊர்க்கோடியில் இருந்த அந்த ஓட்டு வீட்டில், கடல் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கென்று இரண்டு அறைகள். ஒன்று காலி. மற்றதில் தங்குவதற்கு, முந்தாநாள்தான் திருவண்ணாமலையிலிருந்து மூன்று பஸ் மாறி ஒரு தம்பதி வந்து இறங்கியிருந்தார்கள்.

நேற்று சாயங்காலம் பேச்சோடு பேச்சாக தனம் தன் ஆசையைச் சொல்லிவிட்டாள். "சூரியன் தண்ணியிலேர்ந்து மேல வர்றத ஒரே ஒரு நாளு, கையில ஒரு வேலையும் இல்லாம ஒக்காந்து பாக்கணும்க்கா. கல்யாணமாயி பதினெட்டு வருசமாச்சி. இவரோட சேந்து எதையும் நின்னு பாத்ததில்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் சிரித்தாள். கேட்ட கஸ்தூரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இன்னைக்கு விட்டா அவ்ளோதான். நாளைக்கு விடிஞ்சா பஸ்ஸு. அப்புறம் நீ யாரோ, நான் யாரோ. ஓடு!" என்று தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

வாசலில் தனத்தின் புருஷன் தருமன் சலவை வேட்டி கட்டி, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தலையைக் கோதிக்கொண்டு நின்றார். விளக்கடியில், கயிற்றுக் கட்டிலில் நேற்றைய பேப்பரும் கையுமாகக் கிடந்த கஸ்தூரியின் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம், "போய்ட்டு வாங்க தம்பி. இவ கரண்டியப் புடிச்சிட்டா பிரம்மாவே வந்து சொன்னாலும் கேக்க மாட்டா. நானு சொல்லிச் சொல்லி வாயி வலிச்சதுதான் மிச்சம்" என்றார்.

"நீங்க பேப்பரப் படிங்க."

தனமும் தருமனும் மணலில் இறங்கினார்கள். முதலில் இருவருக்கும் நடுவே ரெண்டு முழம் இருந்தது. தோப்பு திரும்பும்போது அது ஒரு சாணாகிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்த கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடுகைத் தேடி மூன்று டப்பா திறந்து, நாலாவதில் கண்டுபிடித்து, சட்னி தாளித்து இறக்குவதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சென்னைக் குடும்பம். பெரியவர் சின்னவராக ஐந்து பேர்.

"ஆன்ட்டி, இங்க ரூம் கெடைக்குமா?" என்றாள் கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்.

"ரூமு எங்க போவுது? மொதல்ல கை கால் கழுவிக்கினு ஒக்காருங்க. புள்ளைங்க முகம் வாடிக் கெடக்குது பாருங்க!"

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாவுச் சட்டியைத் திறந்தாள்.

"கஸ்தூரீ..." ராஜமாணிக்கம் பல்லைக் கடித்தார்.

"முணுமுணுக்காம போயி அஞ்சு வாழ எல அறுத்துக்கினு வாங்க."

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேறு வழி?

இட்லி ஈடு ஈடாக இறங்கியது. இறங்கிய வேகத்தில் மறைந்தது. "இங்க பாக்கறதுக்கு என்ன ஆன்ட்டி இருக்கு?" என்று கேட்டார்கள்.

"கழிவெளியில நார கூட்டங்கூட்டமா நிக்குது, பாருங்க. கரையில செவப்பு நண்டு ஓடும். செருப்பக் கழட்டிட்டுப் பூன மாதிரி நடங்க. சத்தம் கேட்டுச்சின்னா பொந்துக்குள்ள பூந்துக்கும்!"

அவர்கள் ஊரைச் சுற்றிவிட்டு அகோரப் பசியோடு வந்தபோது சாம்பாரும் ரசமும் கத்திரிக்காய்ப் பொரியலும் தயாராக இருந்தன. பந்தி பாதியில் இருக்கும்போது தனமும் தருமனும் திரும்பினார்கள். புடவைக் கரையெல்லாம் ஈரம். மடி நிறையக் கிளிஞ்சல். பதினெட்டு வருஷத்தை அலையில் கழுவிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள் தனம்.

"அக்கா! மொதல்ல செவப்பா ஒரு கோடு. அப்புறம் பாத்தா சொட்டச் சொட்ட எழுந்து வருது சூரியன்! இவரு கால நனைக்க மாட்டேன்னு நின்னாரு. ஒரு அல வந்து இடுப்பு வரைக்கும் குளிப்பாட்டிட்டுப் போயிடிச்சி!"

"அதையெல்லாம் போயி சொல்லிக்கினு..." என்று தருமன் நெளிந்தார்.

கஸ்தூரிக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

கை கழுவிவிட்டு வந்த சென்னைப் பெண், "இந்த ரசத்துக்காகவே அடுத்த மாசமும் உங்க வீட்டுக்குத்தான் வருவோம் ஆன்ட்டி. ரூம இப்பவே சொல்லி வெச்சிடறோம்" என்றாள்.

கஸ்தூரி திருதிருவென்று விழித்தாள். ராஜமாணிக்கம் கட்டிலே ஆடும்படி சிரித்தார்.

"எங்க வீட்டுக்கு வர்றதுன்னா திருவண்ணாமலைக்கு வாங்கம்மா! கிரிவலப் பாதையில சோத்துக்கட நடத்தற இவ, ரெண்டு நாளாவது அடுப்பு மூஞ்சில முழிக்காம இருக்கட்டும்னு நான்தான் இங்க கூட்டியாந்தேன். ரூம அந்தத் தனத்துகிட்ட சொல்லுங்க, வீட்டுக்காரி அவதான்!"

தனம் கஸ்தூரியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "வர்ற பௌர்ணமிக்கு நானும் இவரும் உங்க கடைக்கு வந்துர்றோம்க்கா. பாதையிலயே கடைய வெச்சிக்கினு ஒருவாட்டிகூட மலை சுத்தாத நீங்க, அன்னிக்காவது மாமாவோட நடந்துட்டு வாங்க."