ஸ்ட்ராபெரி வாசம்

கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே முகேஷ்குமாரின் உதடு கிழிந்தது. இரண்டாவது அறைக்கு அவன் போய் விழுந்ததில் குழாயடியில் வரிசையாக நின்ற குடங்கள் உருண்டன.

அடித்தது மச்சான் சடையாண்டி. சிறுமலையில் வாழைத்தார் சுமக்கிற கை.

தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டு ஜக்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டே வந்திருந்தாள், முழுசாகப் பார்க்கிற உத்தேசத்தில்.

வினை சட்டையில் இருந்தது. நிலக்கோட்டையிலிருந்து பூ வண்டி ஓட்டுகிறவன் மேல் மல்லிகை மணந்தால் தொழில் என்று விட்டுவிடலாம். ஒரு மாதமாக மணந்ததோ ஸ்ட்ராபெரி. துவைக்கும்போது மோந்து பார்த்த பெண்டாட்டி தமிழ்மதி, அண்ணன் சடையாண்டிக்குப் போன் போட்டுவிட்டாள்.

எவள் அவள் என்று கேட்டுக் கேட்டு மிதித்தான் சடையாண்டி.

அடி வாங்குகிறவன் முகத்தை மறைப்பான். இவன் தொடையைப் பொத்திக்கொண்டான். அதைப் பார்த்து வேறென்னவோ நினைத்த ஜக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதிதான் திருப்பினாள்.

கைலிக்குள் போட்டிருந்த டவுசர் பையில், பேனா நீளத்தில் அது கிடந்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ரகசியமாக வாங்கிய இ-சிகரெட். இழுத்தால் ஸ்ட்ராபெரி மணக்கிற ஆவி. உள்ளே போவது நிக்கோட்டின்.

போன வருஷம் நிமோனியாவில் படுத்தபோது, மகள் தலையில் கைவைத்து இனி புகை தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். சிகரெட்டை விட்டான். இது புகையில்லை, ஆவிதானே என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான்.

நெஞ்சு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. இந்த வருஷமும் இரண்டு தடவை காய்ச்சல், மார்ச்சளி. கிருமியை விரட்ட நுரையீரலில் காவலே இல்லாத மாதிரி இருக்கிறதே, ஏதாவது இழுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றான்.

ஒன்றரை வயது மகளுக்கும் பத்து நாளாக இளைப்பு.

விலாவில் ஒரு குத்து விழுந்தது. இருமல் கிளம்பியது, நிற்கவில்லை. கண் செருகியது. மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் தமிழ்மதி. எப்படிப்பட்டவனாக இருந்தாலும் புருஷனாயிற்றே.

பிள்ளை தலையில் செய்த சத்தியத்தை உடைத்தவன் என்பதைவிட, வேலி தாண்டியவன் என்கிற பேர் முகேஷ்குமாருக்கு மலிவாகப் பட்டது.

"ஒருத்தி இருக்கா மச்சான். இனிமே போகமாட்டேன்."

தெரு உச்சுக் கொட்டியது. சடையாண்டி கையை இறக்கினான். அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று ஜக்கம்மாள் யோசித்தாள்.

தமிழ்மதி அழுதாள். அழுகையை மறைக்க மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்தாள்.

புதைத்த முகம் அப்படியே நின்றது. மறுபடி ஒருமுறை மோந்தாள். அதே ஸ்ட்ராபெரி.

மத்தியானம் முழுக்கப் பிள்ளை அவன் மடியில்தான் தூங்கியது. பிள்ளையை வேறு எவளும் தொடவில்லை.

நிமிர்ந்து, அவன் இன்னும் பொத்திக்கொண்டிருந்த தொடையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, செத்த நேரம் புள்ளையப் புடி."