உதட்டைப் பார்க்க மட்டும்

மீன் மாட்டியதும் முதலில் அதன் உதட்டைத்தான் பார்த்தான்.

காயம் இருந்தது. ஒன்றே ஒன்று. புதிது.

இப்போது அவன் தூண்டில் முள் குத்தியது.

வேறு இல்லை. திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கெண்டை, பல் டாக்டரிடம் வந்ததுபோல வாயைத் திறந்து காட்டியது.

அப்படியானால் சொரிமுத்து இங்கே தூண்டில் போடவில்லை.

அல்லது, போட்டு, ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை.

இரண்டாவதுதான் அவர் குணத்துக்குப் பொருந்தியது.

இந்த மருத மரத்தடி சொரிமுத்துவின் இடம். ஆற்றில் தூண்டில் போடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அடுத்தவர் இடத்தில் போடுவதில்லை. இப்போதோ யார் இடத்திலும் யாரும் போடுவதில்லை. ஐப்பசி முடியும்வரை தாமிரபரணியில் முள் விழக் கூடாது. புது வெள்ளத்தில் மீன் சினையோடு ஏறுகிறது, நிம்மதியாக முட்டை விடட்டும் என்று டீக்கடையில் பேசி எடுத்த முடிவு.

பேசியதே அவன்தான்.

"கடல்லயே ரெண்டு மாசம் மீன் பிடிக்காமப் படகக் கட்டிப் போடுதான். ஆத்து மீன் மட்டும் என்னவே பாவம் பண்ணிச்சு?"

எல்லோரும் சரி என்றார்கள். சொரிமுத்து மட்டும் ஒரு நிபந்தனை சேர்த்தார். யாராவது ஒருத்தர் பிடித்தது தெரிந்தால் அன்றோடு தடை முடிந்தது. அப்புறம் எல்லோரும் போடலாம்.

அன்றிலிருந்து எல்லோரும் தினமும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். வாக்கிங்.

சர்க்கரை இல்லாதவர்களும் வந்தார்கள்.

சொரிமுத்து வீட்டுப் பூனை கொஞ்ச நாளாகச் சோற்றுக்குக் கத்துவதில்லை. அது மதில்மேல் படுத்துறங்கும் விதமே சரியில்லை.

சொரிமுத்துவைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். மீனைத்தான் கேட்க வேண்டும். முள்ளில் மாட்டித் தப்பிய மீனுக்கு உதடு கிழிந்திருக்கும். உதட்டைப் பார்க்க மீன் வேண்டும். மீன் வேண்டுமென்றால்...

அவன் கம்பு கொண்டுவரவில்லை. சட்டைப் பையில் கொஞ்சம் நைலான் நரம்பு, ஒரு முள். அவ்வளவுதான். கம்பு இல்லாவிட்டால் அது தூண்டிலே இல்லை. இதை வரும் வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு வந்திருந்தான்.

முள்ளைக் கழற்றும்போது கெண்டையின் வயிறு அழுந்தியது. உள்ளங்கையில் மஞ்சளாய்க் கொஞ்சம் முட்டை.

ஆற்றில் விடக் குனிந்தான்.

பின்னால் செருப்புச் சத்தம்.

மீன் பனியனுக்குள் போனது.

"என்னவே, எங்கெடத்துல நிக்கீரு?"

சொரிமுத்து. மடக்கிய குடையைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தார். வானத்தில் மேகமே இல்லை.

"சும்மாதான் அண்ணாச்சி. காத்து வாங்க."

"ஏன், உம்ம எடத்துல காத்து அடிக்கலியோ?"

பனியனுக்குள் மீன் துள்ளியது. அவன் இருமினான்.

"நீங்க என்ன, பாறப் பக்கமிருந்து வாரிய?"

பாறை அவன் இடம்.

"அங்க ஒரே வாக்கிங் கூட்டம் வே. நிக்க முடியல."

இருவரும் நின்றார்கள். இங்கேயும் காற்று இல்லை.

மீனை வெளியே எடுத்தால் சொரிமுத்து பார்ப்பார். பார்த்தால் தடை போச்சு. சாயங்காலத்துக்குள் கரை முழுக்கக் கம்பு முளைக்கும். ஏறி வருகிற சினை மீன் ஒன்று மிஞ்சாது. எடுக்காவிட்டால் இந்த ஒன்று அவன் வயிற்றின் மேலேயே சாகும்.

துள்ளல் குறைந்துகொண்டே வந்தது.

"கெளம்பலியா அண்ணாச்சி?"

"நீரு கெளம்பும். நா செத்த நிக்கேன்."

சொரிமுத்துவின் நெற்றி வியர்த்திருந்தது. கண் ஆற்றிலேயே இருந்தது. ஆளை விரட்டிவிட்டு முள் போடப் போகிறார். சந்தேகமே இல்லை.

இருந்து பார்த்துவிடலாம். ஆனால் பனியனுக்குள் அசைவு நின்றிருந்தது.

அவன் ஆற்றில் இறங்கினான். சட்டையோடு, செருப்போடு, வாட்ச்சோடு.

"யோவ்! துணிய அவுத்துட்டுக் குளிக்கப்படாதா?"

"வேண்டுதல் அண்ணாச்சி."

மூழ்கினான். தண்ணீருக்குள் பனியனைத் தூக்கிவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை. கையால் ஏந்தி ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தான். செவுள் ஒரு தடவை திறந்தது. இன்னொரு தடவை. பிறகு வாலால் அவன் விலாவில் ஒன்று வைத்துவிட்டுப் போய்விட்டது.

எழுந்தான்.

சொரிமுத்து தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்தார். குடை முழுக்க ஆற்றுக்குள் இருந்தது. அதை மெல்ல விரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே அழுக்கு வே," என்றார்.

குடைக்குள்ளிருந்து ஒரு நிழல் நழுவி ஆழத்துக்குப் போனது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உதட்டைப் பார்க்கப் பிடித்ததா, குழம்புக்குப் பிடித்ததா? கேட்கலாம். கேட்டால் அவரும் கேட்பார்.

கரையோரமாக ஜெராக்ஸ் கடை ஆவுடையப்பன் வந்துகொண்டிருந்தார். டீக்கடையில் முதலில் கையைத் தூக்கிச் சம்மதம் சொன்னவர். ஹெல்மெட் தலையில் இல்லை. மல்லாத்தி, இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். தளும்பிவிடாமல் அடிமேல் அடி வைத்து வந்தார்.

இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மழ வருமா அண்ணாச்சி?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, அவன் எதிர்ப்பக்கம் மேற்கே கையைக் காட்டினான்.

சொரிமுத்து மேற்கே திரும்பினார். மலைக்கு மேலே வெறும் நீலம்.

"வரும்போலத்தான் இருக்கு."

இருவரும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பின்னால் தண்ணீரில் எதையோ கவிழ்க்கும் சத்தம் கேட்கும்வரை.